பதிலளிக்க 16 நாள்கள்

அமெரிக்காவில் சட்டப்படித் தங்கியிருந்து புகலிடம் கோருபவரின் மனுவை நிராகரிக்க அதிகாரி எண்ணினால், அந்த உத்தேசத்தை முதலில் காரணங்களுடன் எழுத்தில் அறிவிப்பார். பதிலளிக்க 16 நாள்கள். தங்கும் அனுமதி இல்லாதவருக்கு இந்த அறிவிப்பு வராது. அவரது மனு குடிவரவு நீதிபதியிடம் போகும்.

அறிவிப்பைக் கண்டதும் பட்ட துன்பத்தையெல்லாம் மீண்டும் எழுதத் தோன்றும். அது பெரிதும் பயன்படாது என்பேன். துன்பம் நம்பப்பட்ட பிறகும் கோரிக்கை தோற்கலாம். எல்லையில் பிடிபட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், வேனில் கடத்தித் தாக்கப்பட்டதாகக் கூறியதை முதல்கட்ட விசாரணை அதிகாரி நம்பினார். தாக்கியவர்கள் யார், எதற்காகத் தாக்கினார்கள் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை, கோரிக்கை விழுந்தது. அம்முடிவை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்ற அவரது வாதத்தையும் 2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. (வேனில் கடத்துபவர்கள் பெயர் சொல்லிவிட்டா கடத்துவார்கள்?)

இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் எதனால் துன்புறுத்தப்பட்டார் என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. பதில் அதையும், அறிவிப்பிலுள்ள ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியே எதிர்கொள்ள வேண்டும். தேதி முரண்பாடு மொழிபெயர்ப்பாளரின் பிழையென்றால், அது எந்த வாக்கியத்தில் நேர்ந்தது என்று காட்ட வேண்டும்.

ஆனால், கிளிநொச்சியிலிருந்து மருத்துவமனைச் சான்றும் உறவினரின் சத்தியக் கடதாசியும் பெற்று, ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்ப 16 நாள்கள் போதா. இரண்டு மாத அவகாசம் தருவது, ஆண்டுக்கணக்கில் மனுக்கள் தேங்கும் அத்துறைக்குப் பெரிய சுமையன்று.