ஜீப்பை உயர்த்துவோர் கவனத்துக்கு

களுதாவளை எழுவான்கரையின் ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் வாவி, நடுவே வெற்றிலைத் தோட்டங்களுக்குப் பேர்போன மணல் நிலம். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் இறங்கினால் வயல் வட்டைகள்; மாரி பிறந்தால் அங்கு சேறுதான் வீதி. ஒரே நாளில் மணலையும் சேற்றையும் மிதிக்கவேண்டிய இப்பிரதேசத்தில், பழைய லாண்ட்ரோவரும் வில்லிஸ், மிற்சுபிசி ஜீப்புகளும் இன்னமும் உயிரோடிருப்பதில் வியப்பில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025இல்தான் மீளத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்ததைத் திருத்தி ஓட்டுவதே பலருக்கு வழியாயிற்று.

திருத்துவதை நான் போற்றுகிறேன். ஆனால், திருத்துதல் என்ற பெயரில் அவற்றை நான்கு அங்குலம், ஐந்து அங்குலம் தூக்கி நிறுத்தும் மோகத்தை எதிர்க்கிறேன்.

“உயர்த்தினால் எங்கும் தட்டாது” என்பது இவர்களது முதல் வாதம். எது தட்டாது? இவ்வாகனங்களில் இரு சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கிறது. அந்த அச்சில் உருண்டையாகத் தொங்கும் டிபரன்ஷல்தான் வண்டில் தடத்தின் நடுமேட்டில் முதலில் முட்டுவது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் உயர்வது சட்டமும் உடலும் மட்டுமே. டிபரன்ஷல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்த ஒரே எளிய வழி பெரிய ரயர். 6.00-16 ரயரைக் கழற்றி 7.50-16 பூட்டினால் விட்டம் ஏறக்குறைய 3 அங்குலம் கூடும். டிபரன்ஷல் அதில் பாதி, ஒன்றரை அங்குலம் உயரும். கணக்கு அவ்வளவுதான்.

இனி முறைகளைப் பார்ப்போம். உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே கட்டை வைப்பது பெரிய ரயருக்கு இடம் கொடுக்கும், வேறொன்றும் செய்யாது. ஸ்பிரிங் முனையில் நீண்ட ஷக்கிள் பூட்டுவது மலிவு. ஆனால் 2 அங்குலம் நீட்டினால் கிடைப்பது 1 அங்குலம். அதற்கும் விலையுண்டு: முன் அச்சு சாய்ந்து, சக்கரம் நேராக ஓடும் இயல்பு கெடும். அச்சுக்குக் கீழேயுள்ள தகடுகளை மேலே மாற்றுவது நான்கைந்து அங்குலம் தரும். அதைச் செய்பவர் ஸ்டியரிங் தண்டு, புரப்பெலர் தண்டு, பிரேக் குழாய் மூன்றையும் புதிதாக அமைக்கத் தெரிந்தவராயிருக்க வேண்டும். அமைக்காவிட்டால், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். பழைய தகட்டை உலையில் காய்ச்சி வளைவு ஏற்றுவது இன்னும் மோசம். உருக்கின் பதம் போய்விடும். சில மாதங்களில் தகடு மீண்டும் தாழும், அல்லது முறியும்.

“வெள்ளத்துக்கு உயரம் வேண்டாமா?” என்று கேட்பார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்தில் இது நியாயமான கேள்வி. ஆனால், நின்ற நீர் வேறு, பாயும் நீர் வேறு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியில் சென்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். எந்த ஜீப்பைவிடவும் பெரிய சக்கரங்கள் கொண்ட இயந்திரமே தாங்கவில்லை. உயர்த்திய ஜீப்பின் பாரமோ மேலே ஏறியிருக்கும். சாய்வதற்கு அதுவே போதும். வெள்ளக் காலத்தில் அதன் பின்னே அமர்ந்திருப்பவர்கள் கர்ப்பிணிகளும் முதியவர்களும் என்பதை உயர்த்துவோர் ஒருகணம் எண்ணட்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முப்பது, நாற்பது ஆண்டு உழைத்த ஸ்பிரிங் தளர்ந்து தாழ்ந்திருக்கும். அந்த வாகனத்துக்குரிய புதிய ஸ்பிரிங், புதிய புஷ், புதிய யூ போல்ட் பூட்டுங்கள். இழந்த உயரம் திரும்பிவரும். பலர் தேடும் ‘லிஃப்ட்’ அதுவே. ரயரை ஓர் அளவு மட்டும் கூட்டுங்கள், பிரேக்கைச் சரிபாருங்கள். சூடான அச்சு நீரில் இறங்கும்போது உள்ளே நீரை உறிஞ்சாதிருக்க, டிபரன்ஷலின் மூச்சுக்குழாயை ஒரு ரப்பர் குழாயால் மேலே கொண்டுசெல்லுங்கள். மணலில் காற்றைக் குறையுங்கள். தார் வீதிக்கு ஏறியதும் மீண்டும் நிரப்புங்கள். நான்கு அங்குல உயரம் தராத உதவியை இவை தரும்.

இவற்றில் எதுவும் படத்தில் எடுப்பாகத் தெரியாது என்பது உண்மை. ஆனால் படுவான்கரையிலிருந்து ஒரு நோயாளியை இரவில் களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குப் படம் உதவாது. நேராக ஓடி, நினைத்த இடத்தில் நிற்கும் ஜீப்தான் உதவும்.