அப்பாவுக்குச் சரியான அம்பு முனை பிள்ளைக்குச் சரிவராது

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்காவில் வில் வேட்டைக்குப் போகிற நம் பிள்ளைகளும், தங்கள் பிள்ளைகளை முதல் தடவையாகப் பரணில் ஏற்றுகிற பெற்றோரும் அவசியம் படியுங்கள்.

முப்பத்தொரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். இப்போது வருஷத்தில் பாதி நாள் விஸ்கான்சினில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை ஆபீஸ் நண்பர்களோடு பழகி வில் வேட்டைக்காரர் ஆகிவிட்டார். பதினைந்து வயதுப் பேரனும் அவர் பின்னால் போகிறான்.

"மானைக் கொல்வது பாவம் இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுவோம். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றம் என்கிறது. இங்கே உரிமம் வாங்கி, செப்டம்பர் நடுவில் தொடங்கும் பருவத்தில் வேட்டையாடலாம். கிடைக்கிற இறைச்சியைப் பெட்டியில் போட்டு மாசக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். என் கேள்வி ஒன்றுதான். கொல்வது என்று முடிவு செய்துவிட்டால், அந்த உயிர் சீக்கிரம் போக வேண்டுமா, காட்டுக்குள் எங்கோ கிடந்து ராத்திரி முழுக்கத் துடிக்க வேண்டுமா?

போன அக்டோபரில் பேரன் தன் முதல் மானை அடித்தான். வெள்ளைவால் மான், பெட்டை. 18 கெஜம் தூரம். அடி தோளுக்குப் பின்னால்தான் பட்டது என்று சத்தியம் பண்ணுகிறான். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு டார்ச் லைட்டோடு இறங்கினோம். நாற்பது தப்படியில் ஒடிந்த அம்பு கிடந்தது. ஒரு சாண் கூட உள்ளே போயிருக்கவில்லை. அங்கங்கே சொட்டுச் சொட்டாக ரத்தம், அப்புறம் அதுவும் இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை தேடினோம். விடிந்ததும் மறுபடி தேடினோம். மான் கிடைக்கவே இல்லை. பையன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அம்பில் இருந்தது மெக்கானிக்கல் முனை. விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மான் வேட்டை அம்பு முனையில் இரண்டு சாதி உண்டு. ஃபிக்ஸட் என்பது பிளேடு அசையாமல் நிற்கும் முனை, கத்தி மாதிரி. அகலம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றேகால் அங்குலத்துக்குள் இருக்கும். மெக்கானிக்கல் என்பது பறக்கும்போது பிளேடுகள் மடங்கியிருந்து, மான் மேல் பட்டதும் விரிகிற முனை. விரிந்தால் 2 அங்குலம் வரை போகும். "விரிந்தால்" என்ற வார்த்தையை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னாராம்: "ரெண்டு மடங்கு பெரிய ஓட்டை. கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் மான் விழுந்துரும்." பதினைந்து வயதுப் பையனிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? "கொஞ்சம் தப்பாக அடித்தாலும் பரவாயில்லை" என்பதைத்தான் வேறு வார்த்தையில் விற்கிறார்கள்.

முதலில் அந்த ரெண்டு மடங்குக் கணக்கைப் பார்ப்போம். மெக்கானிக்கலில் இரண்டு பிளேடு, மொத்த வெட்டு 51 மில்லிமீட்டர். மூன்று பிளேடு உள்ள, ஒன்றேயரைக்கால் அங்குல ஃபிக்ஸட் முனையில் நடுவிலிருந்து ஒவ்வொரு பிளேடும் 14 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்றையும் கூட்டினால் 43. ஆக 51-க்கு 43. இது எந்த ஊரில் ரெண்டு மடங்கு? ஒன்பதாம் வகுப்புப் பையன் போடும் கணக்கு இது.

அடுத்தது ஆற்றல். மாப்பிள்ளையின் வில் 65 பவுண்டு இழுவிசை. அவர் அம்பு 27 கிராம், வேகம் நொடிக்கு 85 மீட்டர். அரை பெருக்கல் நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம் என்று போட்டால் சுமார் 98 ஜூல். பேரனுடைய வில் 45 பவுண்டு. கை நீளமும் குறைவு, அதனால் நாண் இழுக்கும் தூரமும் குறைவு. அம்பு 25 கிராம், வேகம் 65 மீட்டர். சுமார் 53 ஜூல். அப்பாவிடம் இருப்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

இந்த 53 ஜூலில் எத்தனை வேலை நடக்க வேண்டும் என்று பாருங்கள். மடங்கிய பிளேடுகளைத் தள்ளித் திறக்க வேண்டும். தோலை 2 அங்குல அகலத்துக்குக் கிழிக்க வேண்டும். விலா எலும்பைத் தாண்ட வேண்டும். நுரையீரலுக்குள் போக வேண்டும். அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். விரித்த குடையோடு திருவிழாக் கூட்டத்துக்குள் நுழைகிற மாதிரிதான். பலசாலி இடித்துக்கொண்டு போய்விடுவான். சின்னப் பையன் பாதியில் நிற்பான்.

அந்தப் பக்கம் ஏன் வெளியே வர வேண்டும் என்று கேட்கலாம். பரண் பதினைந்து இருபது அடி உயரத்தில் இருக்கிறது. அம்பு மேலிருந்து கீழே சாய்வாக இறங்குகிறது. நுழைகிற காயம் மேலே இருக்கும், வெளியேறுகிற காயம் கீழே இருக்கும். நெஞ்சுக்கூட்டில் ஊறும் ரத்தம் கீழ் ஓட்டை வழியாகத்தான் தரையில் கொட்டும். கீழே ஓட்டை இல்லையென்றால் ரத்தம் உள்ளேயே தேங்கும், இலை மேல் தடம் இருக்காது. தடம் இல்லாவிட்டால் மான் செத்தே கிடந்தாலும் நம் கைக்குக் கிடைக்காது. எங்களுக்கு நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம்.

இனி எதிர்த்தரப்பின் பலமான வாதம். அதை மறைத்துப் பேசுவது ஆசிரியனுக்கு அழகில்லை. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் என்ற கடற்படைத் தளத்தில் பல வருஷம் கணக்கு வைத்தார்கள். காம்பவுண்ட் வில்லும் கிராஸ்போவும் வைத்து, பயிற்சி முடித்தவர்கள் அடித்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மான்களின் கணக்கு. ஃபிக்ஸட் முனை பட்ட மான்களில் நூற்றுக்குச் சுமார் 82 கிடைத்தன. மெக்கானிக்கல் பட்டதில் சுமார் 91. மாப்பிள்ளை இதைத்தான் என் முகத்துக்கு நேரே காட்டினார்.

நல்ல கணக்கு, நானும் ஒத்துக்கொள்கிறேன். போதுமான விசை உள்ள வில்லில் மெக்கானிக்கல் மோசமில்லை, அகலமான காயம் உதவத்தான் செய்கிறது. 65 பவுண்டு வில் வைத்திருக்கும் மாப்பிள்ளையோடு எனக்குத் தகராறு இல்லை. ஆனால் அது எல்லோரையும் சேர்த்துப் போட்ட சராசரி. ஆற்றின் சராசரி ஆழம் மூன்றடி என்று சொல்லிச் சின்னப் பையனை இறக்கிவிடுவோமா? அவன் நிற்கிற இடத்தில் எத்தனை அடி என்றுதானே பார்ப்போம்? சில கம்பெனிகளே குறைந்த விசை வில்லுக்கென்று அகலம் குறைத்த தனி மெக்கானிக்கல் மாடல் விற்கின்றன. ஒரே முனை எல்லா வில்லுக்கும் ஆகாது என்று விற்பவனுக்கே தெரிகிறது. வாங்குகிற நமக்குத்தான் தெரியவில்லை.

"ஃபிக்ஸட் முனை நேராகப் போகாது, காற்றில் இழுக்கும், மெக்கானிக்கல் பயிற்சி முனை மாதிரியே போகும்" என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஃபிக்ஸட் பிளேடு காற்றைப் பிடிக்கும். வில் சரியாக டியூன் ஆகாமல் அம்பு ஆடிக்கொண்டு கிளம்பினால், குறி தப்பி அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். இதைக் குறை என்கிறார்கள், நான் குணம் என்கிறேன். காய்ச்சலைக் காட்டுகிற தெர்மாமீட்டரைக் கோபித்து என்ன பயன்? மெக்கானிக்கல் அந்த ஆட்டத்தை மறைக்கிறது. அட்டை இலக்கில் புள்ளியில் படும், மனசு குளிரும். ஆடிக்கொண்டே போகிற அம்பு மான் மேல் கோணலாகப் பட்டு, இருக்கிற கொஞ்ச ஆற்றலையும் பக்கவாட்டில் தொலைத்துவிடும்.

சட்டம் அனுமதிக்கிறதே என்பீர்கள். விஸ்கான்சினில் மான் வேட்டை வில்லுக்குக் குறைந்தபட்சம் 30 பவுண்டு, முனைக்கு அகலம் அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு. இரண்டையும் பேரன் தாண்டிவிட்டான். முப்பத்தைந்து மார்க் எடுத்தால் பாஸ்தான். அதற்காகப் பையனை முப்பத்தைந்துக்குப் படி என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா?

நான் சொல்வது இதுதான். 50 பவுண்டுக்குக் குறைந்த வில், இழுக்கும் நீளமும் குறைவு என்றால், மெக்கானிக்கலைத் தொடாதீர்கள். இரண்டு பிளேடு ஃபிக்ஸட், நுனியிலிருந்தே வெட்டுகிற முனை, கையில் உள்ள முடியைச் சிரைக்கிற கூர்மையோடு. வெட்டு அகலம் குறையும், தெரிந்துதான் சொல்கிறேன். பாதியில் நிற்கிற அகலத்தைவிட, அந்தப் பக்கம் வெளியே வருகிற ஒடுக்கம் மேல். அம்பைக் கொஞ்சம் கனமாக்குங்கள். காகிதத்தின் வழியாக எய்து, கிழிசல் நேராக இருக்கிறதா என்று பார்த்து வில்லை டியூன் செய்யுங்கள். எந்த முனையோடு காட்டுக்குப் போகிறீர்களோ அதே முனையை வைத்துப் பழகுங்கள். 20 கெஜத்துக்கு மேல் வேண்டாம். மான் பக்கவாட்டிலோ, லேசாக நம்மை விட்டு அப்பால் திரும்பியோ நிற்காவிட்டால் எய்யவே வேண்டாம்.

இந்த ஏப்ரலிலிருந்து பேரன் கொல்லைப்புறத்தில் ஃபிக்ஸட் முனையோடு பழகுகிறான். முதல் வாரம் அம்பு அரையடி இடப்பக்கம் போயிற்று. "தாத்தா, இந்த முனை சரியில்லை" என்றான். காகிதம் கட்டி எய்யச் சொன்னேன். கிழிசல் கோணலாக இருந்தது. அந்த வில் போன வருஷமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மெக்கானிக்கல் அதை எங்களிடம் சொல்லவே இல்லை.

மாப்பிள்ளையும் இதைப் படிப்பார். படிக்கட்டும். அவர் வில்லுக்கு அவர் முனை இருக்கட்டும், கோபம் இல்லை. பையன் வில்லுக்கு அதையே மாட்ட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். செப்டம்பர் வருவதற்குள் முடிவு எடுங்கள், மாப்பிள்ளை.

தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.