இரண்டாம் எழுத்தைப் பாருங்கள்!



எதுகை மோனை பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று தமிழ் அய்யா சொன்னார். எழுத உட்கார்ந்தேன். அது சீட்டுக் கம்பெனியில் போய் நின்றுவிட்டது. யாரும் திட்டாதீங்க, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கு. காதுக்கு இனிமையா இருக்கிறதெல்லாம் கணக்குக்குச் சரியா இருக்காது. இதுதான் என் கருத்து.

முதலில் இலக்கணம். அடியிலோ சீரிலோ முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. கடைசி எழுத்து ஒன்றினால் இயைபு. எதுகைக்கு இன்னொரு கண்டிஷனும் உண்டு. முதல் எழுத்தின் அளவு ஒத்திருக்க வேண்டும். 'பட்டு' என்பதற்கு 'கட்டு' எதுகை. 'பாட்டு' எதுகை ஆகாது. 'ப' குறில், 'பா' நெடில். இரண்டாம் எழுத்து 'ட்' ஒன்றாக இருந்தாலும் அளவு பொருந்தவில்லை.

இந்த விதி ஒளிவு மறைவு இல்லாதது. கவிஞர் ஏமாற்றினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். முதல் அடியில் 'பட்டு' என்று தொடங்கினால் அடுத்த அடியில் அதற்கு ஜோடியை அவரே கொண்டு வந்து வைத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பாட்டில் இருந்து எடுத்துக் கொடுக்க முடியாது.

இப்போ எங்க தெருவுக்கு வந்த ஒரு தீபாவளிச் சீட்டு நோட்டீஸைப் பாருங்க. மேலேயே கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது:

"கட்டினால் ஐந்நூறு, கொட்டும் பொன்னாறு!"

கட்டினால், கொட்டும்: எதுகை சரி. ஐந்நூறு, பொன்னாறு: இயைபும் சரி. தமிழ் அய்யா நூற்றுக்கு நூறு போடுவார். ஆனால் கணக்கு டீச்சர் முட்டைதான் போடுவாங்க. ஏன்னா மாதம் 500 ரூபாய் என்றால் 12 மாதத்துக்கு 6,000 ரூபாய். அதற்கு ஒரு கிராம் தங்கக் காசு, ஒரு பித்தளைக் குடம், இரண்டு கிலோ ஸ்வீட் தருவாங்களாம். நகைக் கடையில் போய் ஒரு கிராம் என்ன விலை என்று கேட்டுப் பாருங்க. 6,000 ரூபாய்க்குத் தங்கமே கிடைக்காது. அப்புறம் குடம் எங்கிருந்து வரும்? குறிலைக் கொடுத்து நெடிலை வாங்கலாம் என்கிறார் அவர். அளவு பொருந்தாத இடத்தில் எதுகை ஏது?

அது வரும் இடம் ஒன்றுதான். அடுத்து வந்து சேருகிறவர் பணம்.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. 1920-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் போன்சி என்று ஒருவர் இருந்தார். 45 நாளில் 50 சதவீதம் லாபம், 90 நாளில் பணம் இரட்டிப்பு என்றார். வெளிநாட்டில் மலிவாகத் தபால் கூப்பன் வாங்கி, அமெரிக்காவில் மாற்றி லாபம் எடுக்கிறேன் என்று காரணமும் சொன்னார். கூட்டம் அலைமோதியது. அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று சந்தேகப்பட்டுக் கணக்குப் போட வைத்தது. அவர் சொல்வது உண்மையானால் சுமார் 16 கோடி கூப்பன் வேண்டும், ஆனால் புழக்கத்தில் இருப்பதோ ஏறத்தாழ 27,000 தான் என்று தெரிந்தது. அவ்வளவுதான், ஆகஸ்ட் மாதமே கைது செய்துவிட்டார்கள். அந்தப் பத்திரிகைக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைத்தது. பத்திரிகை என்றால் கணக்கும் போடணும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். 10 பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் தருகிறார்கள். அதை அவர் செலவு பண்ணிவிட்டார். மூன்று மாதத்தில் இரட்டிப்பாகக் கொடுக்க 20 பேர் பணம் வேண்டும். அந்த 20 பேருக்குக் கொடுக்க 40 பேர். அப்புறம் 80, 160... இப்படி 23 தடவை இரட்டித்தால் 8 கோடியே 38 லட்சம் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில் பிள்ளை முதல் தாத்தா வரை எல்லாரும் சேர்ந்தாலும் ஆறு வருஷம் தாங்காது. ஆக, கடைசியில் சேர்ந்தவர்கள் கட்டாயம் ஏமாறுவார்கள்.

2012-இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி விஷயத்தில் நடந்ததும் இதுதான். குஞ்சும் தீவனமும் நாங்க தர்றோம், மாதாமாதம் பணமும் தர்றோம் என்றார்கள். முட்டை, எண்ணெய், தோல் எல்லாம் காசு என்றார்கள். அதையெல்லாம் அந்த அளவுக்கு வாங்க ஆள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. பணம் நின்றது. தீனி இல்லாமல் கோழிகளும் தவித்தன.

சரி, நல்லாப் படிச்சவங்ககூட ஏன் நம்பறாங்க? ஒரு காரணம் ஓசை என்று நினைக்கிறேன். ஓசை நல்லா இருந்தா உண்மை மாதிரியே கேட்கும். 'அடியாத மாடு படியாது' என்கிறோம். அடி, படி, நல்ல எதுகை. ஆனா எங்க வீட்டு மாடு பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்கிறதும் எதுகைதான். அது உண்மை. எதுகை இருப்பதால் உண்மை இல்லை. எத்தனையோ தலைமுறை வயலில் விதைத்துப் பார்த்து உண்மை என்று கண்டது. எதுகை அதை மறக்காமல் வைத்தது, அவ்வளவுதான். எதுகை ஞாபகத்துக்கு உதவும். சாட்சிக்கு உதவாது.

இன்னொன்று சொல்லணும். யாராவது ஏமாந்துட்டா உடனே 'பேராசை பெருநஷ்டம்' என்கிறோம். அதிலேயும் மோனை இருக்கு பாருங்க! அதனால்தானோ என்னவோ அதையும் யோசிக்காமலே நம்புகிறோம். எங்க தெருவில் அந்தச் சீட்டுக் கட்டின அம்மாக்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறவங்க. ஒரு அத்தை மகள் காதுக்கு ஒரு பொட்டுத் தங்கம் போட நினைச்சாங்க. அது பேராசையா? தீபாவளிக்கு முந்தின வாரம் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. அத்தை அழுததைவிட, "ஆசைப்பட்டேல்ல, அனுபவி" என்று வீட்டில் திட்டினதுதான் அவங்களுக்குப் பெரிய வலி. ஏமாற்றியவரை விட்டுவிட்டு ஏமாந்தவங்களைத் திட்டுவது நியாயமா? அவங்க வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருந்தால் லாபம் யாருக்கு?

சீட்டே தப்பு என்று நான் சொல்லவில்லை. 20 பேர் ஆளுக்கு 500 போட்டு, மாதம் ஒருவர் 10,000 எடுத்துக்கொள்வது நல்ல பழக்கம். போட்ட பணம் போட்டவர்களுக்குள்ளேயே சுற்றுகிறது. சீட்டுக் கம்பெனி நடத்துவதற்கு 1982-ஆம் வருஷச் சட்டம் இருக்கு, பதிவு செய்துதான் நடத்தணும். ஆள் சேர்த்தால்தான் காசு என்கிற பணச்சுழற்சித் திட்டத்துக்கு 1978-லேயே தடை வந்தாச்சு. ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசில் புகார் கொடுக்கலாம்.

நாம என்ன செய்யலாம்? படிக்கத் தெரியாத பாட்டிகளும் அம்மாக்களும் நோட்டீஸை நம்மகிட்டதான் நீட்டுவாங்க. "என்னடி போட்டிருக்கு, வாசி" என்பாங்க. ராகம் போட்டு மேல் வரியை மட்டும் வாசிச்சுட்டு ஓடினால், சம்பளம் இல்லாமல் அவருக்கு விளம்பரம் செய்தது நாமதான். கீழே இருக்கிற பொடி எழுத்தையும் வாசிக்கணும். பதிவு எண் இருக்கா, ரசீது உண்டா என்று பார்க்கணும். 12-ஆல் பெருக்கிக் காட்டணும்.

தமிழ் அய்யாவுக்கும் கணக்கு டீச்சருக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு நோட்டீஸைக் கரும்பலகையில் ஒட்டுங்க. ஒரு பக்கம் எதுகை மோனை கண்டுபிடிக்கிறோம். மறுபக்கம் வட்டி கணக்குப் போடுகிறோம். இரண்டு பாடமும் படித்த மாதிரி ஆச்சு, நாலு வீடும் பிழைக்கும்.

எவ்வளவு தருவேன் என்பது முதல் எழுத்து. அதை எல்லாரும் பெரிதாக எழுதுவார்கள். எங்கிருந்து தருவேன் என்பதுதான் இரண்டாம் எழுத்து. தோழிகளே, தோழர்களே, அதைக் கேட்காமல் வீட்டில் யாரையும் பணம் கட்ட விடாதீங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி