மண்டபம் இல்லாமல் கல்யாணம் ஆகாதா?

நாலு பேரைக் கூப்பிட்டு ஊரறியச் செய்தால்தான் கல்யாணம் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அந்த நாலு பேர் எப்போது ஆயிரம் பேரானார்கள் என்று யாரும் கேட்பதில்லை. ஏசி மண்டபம், மேடை அலங்காரம், வாசலில் பிளெக்ஸ், முந்தின நாள் வரவேற்பு, வேளைக்கு வேளை பந்தி. இதெல்லாம் இருந்தால்தான் சொந்தபந்தத்துக்கு மரியாதை, சிக்கனமாக முடித்தால் உறவை அவமதித்ததாக அர்த்தம் என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். அந்த நம்பிக்கை தவறு. நகையை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் பெண்ணைப் பெற்றவர்களைக் கடனில் தள்ளுவது அதுதான்.

என் அண்ணன் மகளுக்கு வைகாசியில் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் கடற்கரையில் கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் 60 பேர் இருக்கலாம். மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, வலை காயப்போடும் இடத்தை விட்டு ஒதுங்கி, பைபர் படகுகளுக்கு அப்பால் நாலு சவுக்குக் கழி நட்டு, வேட்டியை விரித்துப் பந்தல் போட்டிருந்தார்கள். காற்றில் குத்துவிளக்குத் திரி நிற்காதென்று லாந்தர் ஒன்றை ஏற்றினார்கள். பாயின் நாலு மூலைக்கும் மணல் அடைத்த பை. வெயில் ஏறுமுன் தாலி கட்டியாகிவிட்டது. பக்கத்து ஊர் மெஸ்ஸிலிருந்து இட்லி, பொங்கல், கேசரி வந்தன. இலை பறக்காமலிருக்க ஆளாளுக்குத் தண்ணீர் டம்ளரை அதன் ஓரத்தில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம்.

வேனில் வரும்போதே பெரியம்மா ஆரம்பித்துவிட்டார். "ஒரே பொண்ணு. இப்படியா கட்டிக் குடுக்குறது? ஊர் என்ன பேசும்?"

அவர் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சிக்கனமாகச் செய்தால் பெண்ணுக்கு ஏதோ குறை, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது, சாதி மாறிய சம்பந்தம், மறைக்கிறார்கள் என்று ஊர் முடிச்சுப் போடும். அந்தப் பயத்தில்தான் அவர் பேசினார். ஆனால் ஆயிரம் பேருக்குச் சோறு போட்ட கல்யாணத்தையும் ஊர் விட்டுவைப்பதில்லையே. பந்தியில் கவனிக்கவில்லை, பெண்ணுக்குப் போட்டது இவ்வளவுதானா என்று அங்கேயும் பேச்சுத்தான். பேசுகிறவர்களின் வாயை அடைக்கவென்று ஒரு குடும்பம் பல வருஷத்துச் சேமிப்பைக் கொட்டுவது என்ன நியாயம்?

"இப்படிச் செய்தால் சட்டப்படி செல்லாது" என்று சொல்கிறவர்களும் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு 1968-ல் நடைமுறைக்கு வந்தது. உறவினரோ நண்பரோ மற்றவரோ முன்னிலையில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரிந்த மொழியில் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும் மோதிரம் போட்டாலும் தாலி கட்டினாலும் செல்லும். ஊர்கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்; எங்கள் பிள்ளைகள் மறுவாரமே பதிந்துவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாதென்று அரசு கட்டுப்பாடு வைத்ததே, அப்போது நடந்த கல்யாணங்களில் எது செல்லாமல் போனது?

"நம் மரபில் இல்லாதது" என்பது அடுத்த குற்றச்சாட்டு. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாணம் வருகிறது. பந்தலுக்கடியில் மணல் பரப்பியிருக்கிறார்கள், விளக்கு வைத்திருக்கிறார்கள், உளுந்து சேர்த்த குழைசோறு போடுகிறார்கள், பிள்ளை பெற்ற பெண்கள் நாலு பேர் மணமகளை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீ வளர்த்ததாகவோ புரோகிதர் வந்ததாகவோ அதில் ஒரு சொல் கிடையாது. அவ்வளவு பின்னால் போவானேன்? திருச்செந்தூரில் முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். கடலுக்குப் பக்கத்தில், முருகன் சந்நிதிக்கு வந்து தாலி கட்டிவிட்டு, கூட வந்தவர்களோடு சாப்பிட்டு ஊர் திரும்புகிற குடும்பங்கள் எத்தனையோ.

கொஞ்சம் கனமான வாதம் மொய்தான். "இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் எழுதினோமே, அது திரும்பி வர வேண்டாமா?" என்று அண்ணனையே கேட்டார்கள். மொய் என்பது உறவுக்குள் ஓடும் கடன், ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய கைமுதல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி ஆவணியில் மொய் விருந்து நடக்கிறதே, அங்கே மணமேடை ஏது? கறிச்சோறு போட்டு, நோட்டு வைத்து, கணக்கை முடிக்கிறார்கள். மொய் வசூலுக்குக் கல்யாணம் தேவையில்லை என்பதை அந்த ஊர்க்காரர்களே காட்டிவிட்டார்கள். போதாததற்கு, மண்டப வாடகையும் சமையல் கான்ட்ராக்டும் போக வந்த மொய்யில் கையில் என்ன நிற்கிறதென்று கல்யாணம் செய்து முடித்த எந்தத் தகப்பனாரையும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் ட்ரோன் பறக்க, இறக்குமதிப் பூவால் வளைவு கட்டி நடக்கும் கடற்கரைக் கல்யாணத்தை நான் ஆதரிக்கவில்லை. அதுவும் அதே வீண் பெருமைதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

உறவு விட்டுப்போகும் என்கிறார்களே, மண்டபத்தில் உறவு என்ன செய்கிறது? மேடை ஏற வரிசையில் நிற்கிறது. கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, இறங்குகிறது. சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்குக் காத்து நிற்கிறது. பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேச நேரமில்லை. அந்தக் கடற்கரையில் கல்யாணப் பெண் தட்டில் கேசரி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்து உட்கார்ந்து பேசினாள். வேனில் முகம் சுளித்த பெரியம்மா, மாப்பிள்ளையின் அப்பத்தாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து, இருவரும் பிறந்தது கொள்ளிடக் கரையில் அடுத்தடுத்த ஊர் என்று கண்டுபிடித்து, இன்னாருக்கு இன்னார் என்ன முறை என்பதுவரை போய்விட்டார். வேன் டிரைவர் ஹாரன் அடித்த பிறகும் எழுந்திருக்க மனசில்லை அவருக்கு.

செலவைக் குறைக்க நினைக்கிற பெற்றோரைப் பயமுறுத்துவது சொந்தக்காரர்களாகிய நாம்தான். அதனால் நிறுத்த வேண்டியவர்களும் நாமே. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை எளிமையாகக் கல்யாணம் வைத்துக் கூப்பிட்டால், "ஏன், மண்டபம் கிடைக்கலையா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.