சிக்குப்பலகைக்கு நல்லெண்ணெய் தடவலாமா?

சோழவந்தானிலிருந்து மூத்த வாசகியார் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மாமனார் நாள்தோறும் சுந்தர காண்டம் பாராயணம் செய்த சிக்குப்பலகை இன்றும் அவர் வீட்டுப் பூஜையறையில் உள்ளது. மாமனார் மறைந்தபின், வெள்ளிக்கிழமை தோறும் அதற்கு நல்லெண்ணெய் தடவிக் குங்குமம் இட்டு வந்திருக்கிறார். இப்போது பலகை கறுத்து, தொட்டால் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது; புத்தகத்தின் அட்டை அதில் ஒட்டிக் கிழிந்தும் விட்டது. "இதைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் பேரன். பெருமாளுக்குத் தைலக்காப்பு சாத்துகிறார்களே, அதுபோல் என்று நினைத்துத்தானே செய்தேன்? அது பிழையா?" என்று கேட்டிருந்தார்.

குருவித்துறையில் குருபகவானைத் தரிசிக்கச் சென்ற நாளில், வழியில் அவர் இல்லத்திற்கும் சென்று பலகையைப் பார்த்தேன். ஒரே பலகையைப் பிளந்து, ஆணியோ கீலோ இல்லாமல், மரத்தையே ஒன்றுக்குள் ஒன்று கோத்தபடி செதுக்கிய பழைய வேலைப்பாடு. நல்ல தேக்கு. போட்டுவிடக்கூடிய பொருளன்று.

அம்மையாரின் எண்ணத்தில் பிழையில்லை. மரத் திருமேனிகளுக்கும் சுதைத் திருமேனிகளுக்கும் நீரால் திருமஞ்சனம் செய்வதில்லை. தைலம் சாத்துவதே மரபு. திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் மரத் திருமேனி. திருவரங்கத்துப் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. ஆனால் தைலக்காப்பு வாரந்தோறும் நடப்பதன்று. ஆண்டில் குறித்த காலத்தில், அதற்கென்றே பக்குவப்படுத்திய தைலத்தைக் கொண்டு செய்வது. அழகர் நூபுரகங்கைக்கு எழுந்தருளும் தைலக்காப்புத் திருவிழாவும் ஐப்பசியில் ஒருமுறைதான் வருகிறது. வீட்டில் நாம் செய்வதோ, விளக்குக்கு ஊற்றிய கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயை விரலால் தொட்டுத் தடவிவிடுவது. அடியேனும் ஒரு மணைப்பலகையை இப்படித்தான் பாழாக்கியிருக்கிறேன்.

காரணம் எளிது. நல்லெண்ணெய் காற்றுப்பட்டால் மெல்லத் தடித்துப் பிசினாகும் இயல்புடையது. முழுவதும் உலரவும் செய்யாது. எண்ணெயாகவே இருந்துவிடவும் செய்யாது. விளக்குப் புகையும், ஊதுவத்திச் சாம்பலும், குங்குமமும் அதில் படிந்து படிந்து ஓர் அடையாகிவிடும். தேங்காயெண்ணெய் அவ்வாறு பிசினாவதில்லை. எளிதில் சிக்குநாற்றமும் அடிப்பதில்லை. தென்னந்தோப்புகள் சூழ்ந்த சோழவந்தானில் இதைத் தேடி அலையவும் வேண்டியதில்லை.

முதலில் அந்த அடையை நீக்க வேண்டும். பூந்திக்கொட்டை ஐந்தாறைத் தட்டி, இரண்டு தம்ளர் நீரில் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான அந்நீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து, சொட்டு நீர் இல்லாதபடி இறுகப் பிழிந்து, மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். ஒரே நாளில் போய்விடாது; இரண்டு மூன்று முறை தேவைப்படும். கோப்பு இடுக்குகளில் ஈர்க்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றித் துடைக்கலாம். பலகையை நீரில் ஊறப்போடவே கூடாது. மரம் ஊதினால் கோப்பு விண்டுவிடும். பிறகு நிழலில் இரண்டு நாள் உலரட்டும். வெயிலில் வைத்தால் வெடிப்பு காணும்.

(அத்திவரதர் நாற்பது ஆண்டுகள் திருக்குளத்தில் இருக்கவில்லையா என்று அம்மையார் கேட்டார். 1979-க்குப் பின் 2019-இல் 48 நாட்கள் தரிசனம் தந்த அந்த மூர்த்தியை எண்ணி யாருக்கும் எழும் கேள்விதான். காற்றுப் புகாத ஆழ நீருக்குள்ளேயே கிடக்கும் மரம் எளிதில் உளுப்பதில்லை. நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருப்பதே மரத்திற்குப் பகை.)

இனி மெருகு. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு கேட்டு வாங்குங்கள். மெழுகுவத்தி மெழுகைக் கொடுத்துவிடுவார்கள். முகர்ந்து பார்த்தால் தேன்மணம் வர வேண்டும். தேனடையிலிருந்து வருவதைப் பூஜைப் பொருளில் பூசலாமா என்று சிலர் தயங்குவார்கள். தேன் அபிஷேகத் திரவியமாகவே உள்ளபோது அந்தத் தயக்கம் வேண்டியதில்லை என்பது அடியேன் கருத்து. மனம் ஒப்பாதவர்கள் தேங்காயெண்ணெயை மட்டும் மிக மெல்லியதாகத் தடவித் துடைத்துவிடலாம். பளபளப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

மெழுகு 50 கிராம், தேங்காயெண்ணெய் 150 மில்லி. மெழுகைச் சீவி ஒரு கிண்ணத்தில் இட்டு, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தினுள் வைத்து உருக்க வேண்டும். ஏறக்குறைய 63 பாகை வெப்பத்தில் தேன்மெழுகு உருகிவிடும். நேரே அடுப்பில் வைப்பது ஆபத்து, தீப்பற்றக்கூடும். உருகியதும் எண்ணெயைச் சேர்த்துக் கலக்கி இறக்கி, சூடு தணிந்தபின் எலுமிச்சைப்புல் தைலம் பத்துச் சொட்டு விடுங்கள். ஓலைச்சுவடிகளுக்கு நம் முன்னோர் பூசிவந்த தைலம் அது. சுவடி நெகிழ்வோடு இருக்கும், பூச்சியும் அண்டாது. ஞானசம்பந்தப் பெருமான் இட்ட ஏடு வைகையை எதிர்த்துச் சென்ற திருவேடகத்திற்குப் பக்கத்து ஊர்க்காரருக்கு ஏட்டின் அருமையை நான் சொல்ல வேண்டுமா?

எலுமிச்சம்பழச் சாறும் சேர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டா. சாற்றில் உள்ள நீர் எண்ணெயோடு கலவாமல் பிரிந்து நின்று பூசணம் பிடிக்கும். விளக்குத் துலக்கும் புளியையும் மரத்தின் அருகே கொண்டுவராதீர்கள். ஈரம் காயாத விளக்கை மரத்தட்டில் வைப்பதும் தவறு; தட்டில் இரும்பு ஆணி இருந்தால் அதைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழும்.

ஆறியதும் களிம்பாக இறுகும். சுண்டைக்காய் அளவு எடுத்துத் துணியில் தேய்த்துப் பலகையில் மெல்லப் பரப்புங்கள். முதலில் அடிப்புறத்தில் சிறிது தடவிப் பார்ப்பது நல்லது. அரை மணி கழித்து உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தெடுக்க வேண்டும். இதில்தான் பலரும் சோம்பிவிடுகிறார்கள். புறங்கையை வைத்துப் பார்த்தால் ஒன்றும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் துடையுங்கள். சிக்குப்பலகையாயின் இரண்டு நாள் கழித்து, ஒரு பட்டுத் துண்டை விரித்து அதன்மேல் புத்தகத்தை வையுங்கள். இதை ஆண்டுக்கு இருமுறை செய்தால் போதும். நவராத்திரிக்குக் கொலுப்படி இறக்கும்போது ஒருமுறை, தைப் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது ஒருமுறை என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் உலர்ந்த துணியால் தூசி தட்டுங்கள். குங்குமத்தை மரத்தில் நேரே இடாமல், சிறிது சந்தனத்தின்மேல் இட்டு மறுநாள் துடைத்துவிட்டால் சாயம் ஊறாது.

வயதான நம் போன்றோர் இரண்டு எச்சரிக்கைகளை மறக்கக்கூடாது. மாடிப்படிக்கும், தரைப்பலகைக்கும், ஏறி நிற்கும் முக்காலிக்கும் இம்மெருகு ஆகாது, வழுக்கிவிடும். இடுப்பெலும்பு முறிந்தால் நம் வயதில் எழுவது கடினம். அடுத்து, பூஜையறையில் விளக்கு எரியும்போது இவ்வேலையைச் செய்யாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கொண்டு மெருகிடுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து உலர்த்தவேண்டும், அல்லது நீரில் நனைத்து வைக்கவேண்டும்.

நான் விடைபெறும்போது கூடத்து ஊஞ்சலையும் அம்மையார் காட்டினார். பலகையின் விளிம்பில் சுண்ணாம்புத் தடம் ஒன்று இருந்தது. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பெயர்போன ஊரல்லவா? பாராயணம் முடிந்தபின் மாமனார் அங்கே அமர்ந்து வெற்றிலை தரித்து, விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அதே இடத்தில் துடைப்பாராம். சுண்ணாம்பு பட்டால் தேக்கு கறுக்கும். வெள்ளைத் தடத்தைச் சுற்றிலும் கருநிழல் படர்ந்திருந்தது. "எலுமிச்சம்பழச் சாற்றில் துணியை நனைத்துத் தேய்த்தால் வெள்ளை கரைந்துவிடும், கறுப்பும் ஓரளவு மங்கும். உடனே ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள்" என்றேன்.

"அது இருக்கட்டும் ஐயா. மற்ற இடத்துக்கெல்லாம் மெருகு போடுகிறேன்" என்றார் அம்மையார்.