பை காப்பதற்கா பாட்டி?



'நான் சென்ற சுற்றுலா' என்னும் தலைப்பில் மாணவர்கள் எழுதும் கட்டுரைகளை 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் திருத்தி வருகிறேன். அவற்றில் தாத்தாவும் பாட்டியும் மகிழுந்தில் ஏறுவார்கள், அதன்பின் காணாமற்போவார்கள். இறுதியில் அனைவரும் மகிழ்ச்சியுடன் வீடு திரும்புவார்கள்! பிள்ளைகளைக் குறைகூறிப் பயனில்லை. முதியோரை நாம் அழைத்துச் செல்லும் முறையே அப்படித்தான் இருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் என் குடும்பத்திலேயே இதைக் கண்டேன்.

பண்டார் சன்வேயிலுள்ள சன்வே லகூன் கேளிக்கைப் பூங்காவிற்கு மூன்று தலைமுறையினரும் சென்றோம். என் தாயாருக்கு அகவை 76. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கியவர். உள்ளே நுழைந்ததும் நிழலான இருக்கை ஒன்றில் அவரை அமரவைத்தேன். பைகளையும் காலணிகளையும் அவரருகே குவித்துவிட்டு, "பார்த்துக்குங்கம்மா" என்று சொல்லிச் சென்றேன். அதையே அன்பு என்றும் எண்ணிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். "நானும் அந்தப் பாலத்துல நடக்கணும்" என்றார். முழங்கால் வலி உள்ளவர். அதுவோ ஆடுகின்ற தொங்கு பாலம். நான் தயங்கிக்கொண்டிருக்கையில், நான்காம் ஆண்டில் பயிலும் என் மகன் பாட்டியின் கையைப் பற்றி நடக்கத் தொடங்கிவிட்டான். பைகளை நான் சுமந்தேன்.

பாலத்தின் நடுவே நின்று, கீழே பள்ளத்தில் விரிந்திருந்த நீரை அம்மா வெகுநேரம் பார்த்தார். "ஏன்யா, இது ஈய லம்பம்தானே?" என்று கேட்டார். உண்மைதான்! கைவிடப்பட்ட ஈயச் சுரங்க நிலத்தில்தான் 1990களின் தொடக்கத்தில் அப்பூங்கா எழுந்தது. யாரும் சொல்லாமலே, நிலத்தின் வடிவைக் கொண்டு அவர் கண்டுகொண்டார்.

பிறகு மெல்லச் சொன்னார். அவர்கள் தோட்டத்திற்குப் பக்கத்திலும் ஒரு லம்பக் குட்டை இருந்ததாம். "தம்பியைப் பார்த்துக்கோ" என்று 11 வயது மகளிடம் சொல்லிவிட்டுப் பெற்றோர் விடியுமுன்பே பிரட்டுக்குப் போய்விடுவார்களாம். ஒருநாள் அந்தத் தம்பி மற்றப் பிள்ளைகளோடு குளிக்கப் போனான். திரும்பி வரவில்லை.

"தண்ணி பச்சையா அழகா இருக்கும்யா. ஆழந்தான் தெரியாது" என்றார் அம்மா.

எனக்கு அப்படியொரு மாமா இருந்தார் என்பதையே, 50 வயதை நெருங்கும் நான் அன்றுதான் அறிந்தேன்.

மற்றொரு வியப்பும் காத்திருந்தது. வீட்டில் ஆங்கிலமும் மலாயும் கலந்தே பேசும் என் மகன், அன்று மாலைவரை பாட்டியிடம் தமிழிலேயே கேள்விகள் கேட்டான். லம்பம் என்றால் என்ன? பிரட்டு என்றால் என்ன? குட்டைக்கு ஏன் யாரும் வேலி போடவில்லை? நான் வகுப்பில் எவ்வளவோ முயன்றும் வராத ஆர்வம் அது.

ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுத்த நாடு நம் நாடு. 1985இல் ஈயத்தின் விலை சரிந்தது, சுரங்கங்கள் பல மூடப்பட்டன, குட்டைகள் எஞ்சின. இவற்றையெல்லாம் நூல்களிலே படிக்கலாம். கரையில் நின்று தம்பியைத் தேடிய சிறுமியைப் பற்றி எந்த நூல் சொல்லும்? சொல்லக்கூடியவரை நாம் பைகளுக்குக் காவல் வைத்துவிடுகிறோம்.

'முதியவர்களுக்கு ஓய்வு வேண்டாமா?' என நீங்கள் கேட்கலாம். வேண்டும்தான். ஆனால், ஓய்வு வேறு, ஒதுக்கம் வேறு. ஓய்வு, அவர்கள் விரும்பிக் கேட்பது. ஒதுக்கம், அவர்களைக் கேட்காமலே நாம் கொடுப்பது. பைகளை வைக்க வாடகைப் பெட்டகங்கள் இருக்கின்றன. அடுத்த முறை பெற்றோரை அழைத்துச் செல்லும்போது, "எங்கே உட்காருகிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "எதைப் பார்க்க விரும்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆசிரிய நண்பர்களே, கட்டுரைத் தலைப்பையும் சற்று மாற்றுவோம். 'சுற்றுலாவில் பாட்டி சொன்னது' என்று எழுதச் சொல்வோம்.

என் மகனும் எழுதினான். அவனுடைய கட்டுரை மகிழ்ச்சியுடன் வீடு திரும்பவில்லை. 'வரும் வழியில் பாட்டி தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை' என்று முடித்திருந்தான்.

அவ்வரிகளில் நான் சிவப்பு மை வைக்கவில்லை.