பாவம் உங்களது, நாற்றம் எங்களதா?

குத்தம்பாக்கத்தில் எங்கள் தெருப் பெரியம்மா ஒருத்தி போய்ச் சேர்ந்தாள். நாலு பிள்ளை பெற்றவள், நாற்று நட்டே இடுப்பு ஒடிந்தவள். ராத்திரிக்குப் பாட வந்தவர் மைக்கைப் பிடித்ததும் பட்டினத்தாரை எடுத்தார். பெண்ணுடம்பு மலம், சீழ், புழு என்று வரிசையாகப் போகிறது பாட்டு. அவள் நடுவீட்டில் கிடக்கிறாள். சுற்றி உட்கார்ந்த நாங்களும் தலையாட்டுகிறோம்! பெங்களூர் சாலையோரம் அவ்வளவு பெரிய பேருந்து நிலையம் எழும்பிவிட்டது, சாவுப் பாட்டு மட்டும் மாறவில்லை.

திருவொற்றியூரில் சமாதியான பட்டினத்தார் என்ற மகானைக் குறைசொல்ல நீ யார் என்பார்கள். சொல்லத்தான் போகிறேன். பெற்றவளுக்குக் கொள்ளி வைத்தபோது அவர் பாடியதைக் கேட்டால் எனக்கும் கண் நிறையும். அங்கே சுமந்த வயிறு தெய்வம். அதே வயிறு அடுத்தவளிடம் இருந்தால் சாக்கடையா? அவர் துறந்து போன மனைவிக்குச் சிவகலை என்று ஒரு பேரைக் கதை விட்டுவைத்தது. அவள் அழுகையை யார் பாடினார்கள்?

அருணகிரிநாதர் தாசி வீடே கதியென்று கிடந்ததைத் திருப்புகழில் முருகனிடம் சொல்லி அழுகிறார். அழட்டும். ஆனால் வலை வீசுகிறவளும் காசு பிடுங்குகிறவளும் பாட்டுக்குப் பாட்டு அந்தத் தாசிதான். இவர் கால் தானாகவா அந்தப் படியேறியது? இவருக்கு முருகன் கிடைத்தான். அவளை அந்தத் திண்ணையில் உட்காரவைத்தது யாரென்று நான் கேட்ட பாட்டு எதிலும் இல்லை.

சாமியார்களோடு முடிந்ததா? அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவல், தான் விட்டுப் பிரிந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக்கின் கடிதங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக் கவிதையாக்கினார். தோழி எலிசபெத் பிஷப் வேண்டாமென்று மன்றாடி எழுதினார். அங்கங்கே திருத்தினாரே தவிர, அவர் விடவில்லை. 1973இல் புத்தகம் வந்தது, 1974இல் புலிட்சர் பரிசு. பிரிவின் வலி மனைவிக்கு, மாலை இவருக்கு.

2002இல் கவிஞர் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூப்பாடு நினைவிருக்கிறதா? திருப்புகழில் அந்தச் சொல்லுக்குப் பஞ்சமா? கோயில் மண்டபத்தில் தாளம் தட்டிப் பாடுகிறார்களே! உடையவள் வாய் திறந்தால் ஆபாசமாம். கவிஞர்கள் சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரிக்கும் அதே வசவு. எங்களைக் கேட்டுக்கொண்டா நீங்கள் பாடினீர்கள், நாங்கள் மட்டும் உங்களைக் கேட்டு எழுத?